நான்கு இடங்களைக் கையில் வைத்திருப்பது தவறா?

தம்பி, அமெரிக்காவில் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும், உதவித்தொகைக் கடிதங்கள் வரும்வரை எதையும் விடாமல் வைத்திருப்பது சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்திருப்பதே தப்பில்லை. ஏப்ரல் 15க்குள் மூன்றாகவும் 30க்குள் ஒன்றாகவும் குறைக்கச் சொல்கிறது ஏஏஎம்சி (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம்) நெறிமுறை. அதுவரை செலவை ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் நான்காவது கல்லூரி முழு உதவி தந்தாலும் போக மாட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அது எதற்கு? இன்றிரவே விலகல் கடிதம் அனுப்பிவிடுங்கள், இரண்டு வரி போதும்.

நான் காத்திருப்புப் பட்டியலில் கிடந்தவன். அழைப்பு ஜூன் இரண்டாம் வாரம் வந்தது. அதற்குள் வேறு ஊரில் வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. யாரோ ஒருவர் மார்ச்சிலேயே விட்டிருந்தால்... (கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

மற்ற மூன்றைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். உதவித்தொகை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, கடிதம் எப்போது வரும் என்று கேளுங்கள். அவசரப்பட்டு ‘கமிட் டு என்ரோல்’ (இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்ற இறுதி உறுதி) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் காத்திருப்புப் பட்டியல்கள் உட்பட மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். ‘பிளான் டு என்ரோல்’ (இங்கே சேர நினைக்கிறேன் என்ற தற்காலிகத் தேர்வு) கொடுத்தால் பட்டியல்களில் தொடரலாம்.