ஐந்தறை வீட்டை விற்பதற்கு முன்

மதிப்பிற்குரிய அம்மா,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் கணவரும் மகளும் என் அறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தீர்கள். அதில் ஐம்பது நிமிடங்கள் பெரியவர்கள் மூவரும் பேசித் தீர்த்தோம். உயிர்மருத்துவ அறிவியலில் பட்டயம் முடித்த பெண், முதியோருக்கான நிலையத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர விரும்புகிறார் என்றதும் உறவினரிடையே எழுந்த பேச்சு உங்களை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஐந்தறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்கு மாறி, அந்தப் பணத்தில் அவரை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்பப்போவதாக நீங்கள் சொன்ன பிறகு, ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மைத்துனர் சொன்ன கல்லூரி, சிங்கப்பூர் அங்கீகரிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளின் பட்டியலில் இல்லை. அங்கே பட்டம் பெற்றுத் திரும்பும் இளம் மருத்துவர் இங்கே பதிவு பெற்றுப் பணியாற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும். இந்தப் பட்டியல் மாறக்கூடியதும்கூட. 160 பள்ளிகள் இருந்த இடத்தில் 2020 ஜனவரி முதல் 103 மட்டுமே என்று குறைக்கப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். மத்திய சேமநிதியின் கல்விக் கடன் உள்ளூர்க் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே உரியது என்பதால், செலவு முழுவதும் உங்கள் கையிருப்பிலிருந்தே போக வேண்டும். மகளே கேட்காத படிப்புக்காக, ஓய்வுக்காலத்தில் நீங்கள் இருவரும் நம்பியிருக்கும் வீட்டை விற்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இனி அந்த வேலையைப் பற்றி. ‘வயதானவர்களுக்கு விளையாட்டுக் காட்டவா மூன்று வருடம் படித்தாள்?’ என்று மைத்துனர் கேட்டதாகச் சொன்னீர்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில், ‘துடிப்புடன் மூப்படைதல் நிலையம்’ என்ற பெயரில் இயங்கும் முதியோர் நிலையத்துக்குள் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். நாற்காலிப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளர் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்த்து, அன்று அளவு கூடியிருப்பவரை அவர் மனம் நோகாதபடி கேரம் மேசைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ரம்மி விளையாடும் மேசையில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டுமே ஒலித்தால் மலாய்ப் பாட்டியும் தமிழ்த் தாத்தாவும் மறுவாரம் வர மாட்டார்கள் என்பதை உணர்ந்து இருக்கைகளை மாற்றிப் போட வேண்டும். கூட்டுச் சமையல் நாளில் ஹலால் உணவுக்கும் சைவ உணவுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். மழை வந்தால் நடைப்பயிற்சிக் குழுவுக்கு வேறு இடம் வேண்டும். பயிற்றுநர் கட்டணம், தொண்டூழியர் பட்டியல், வருகைப் பதிவு, செலவுக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. வழக்கமாக வருபவர் இரண்டு நாள் வராவிட்டால் தொலைபேசியில் அழைக்க வேண்டும்; எடுக்காவிட்டால் மாடிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தனியாக வாழும் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்துகிடப்பது சில வேளைகளில் அந்தத் தட்டலால்தான் தெரியவரும்.

உங்கள் மகள் அன்று பேசிய சில நிமிடங்களில் என்னிடம் சொன்ன ஒன்றை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அவர் தொண்டூழியம் செய்யும் நிலையத்தில் ஒரு பெரியவர் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்விடுவாராம். எல்லாரும் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருக்க, அவருக்கு இடக்காது கேட்பதில்லை என்பதை உங்கள் மகள்தான் கண்டுபிடித்து, பயிற்றுநரின் குரல் வலப்பக்கம் விழும்படி முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறார். இப்போது அந்தப் பெரியவர் பயிற்சி முடியும்வரை இருக்கிறாராம். இந்தக் கண் பயிற்சியால் வருவது அரிது. அதை இயல்பாகவே பெற்றிருப்பவரை வேறு திசையில் தள்ளிவிடாதீர்கள்.

குறைகளையும் மறைக்கவில்லை. தொடக்கச் சம்பளம் அவருடைய வகுப்புத் தோழர்கள் சிலரைவிடக் குறைவாகவே இருக்கும். பண்டிகை நாள்களில் நிலையத்திலோ சமூக மன்றத்திலோதான் இருப்பார். உங்கள் வீட்டுப் பொங்கல் அவர் இல்லாமல் பொங்கும் ஆண்டுகளும் வரும். ஆனால் 2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கும் நாட்டில், இந்த அனுபவம் வீணாகப் போவதற்கு வழியே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலைய நிர்வாகத்துக்கோ, 1960 முதல் சமூக மன்றங்களை நடத்திவரும் மக்கள் கழகத்துக்கோ அவர் விண்ணப்பிக்கலாம். தாதிமை, சமூகப் பணி, ஏன் மருத்துவமேகூட வேண்டும் என்று பிறகு அவருக்குத் தோன்றினால், அப்போது அது அவருடைய முடிவாக இருக்கும்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை அவர் தொண்டூழியம் செய்யும் நிலையத்துக்கு நீங்களும் கணவரும் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். மைத்துனரும் வருவதானால் அழைத்துச் செல்லுங்கள். வீட்டு முகவருடன் வைத்திருக்கும் சந்திப்பை மட்டும் இன்றே ரத்து செய்துவிடுங்கள்.