லேண்டிங் வரவில்லை என்று நிறுத்தியவருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. வேலைக்காக இல்லை, ஆசைக்காகத்தான் விமானம் ஓட்டக் கற்றேன். 22 மணி நேரம் பறந்தும் லேண்டிங் மட்டும் சரியாக வரவே இல்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு இரண்டு வருடம் ஓடிவிட்டது. எனக்கு இது வராதா?

பதில்: வரும். நானும் 19-வது மணி நேரத்தில் இதே இடத்தில் நின்றவள்தான். இனிமேல் வேண்டாம் என்று முடிவெடுத்து நிறுத்தியவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் வேலை, அப்புறம் கையில் காசு இல்லை. அப்படியே போய்விடுகிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மணி நேரப் பாடத்தில் ஏழெட்டு முறை சுற்றி வந்து இறங்குவோம். அதில் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்னால் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடிதான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு நிமிடம்கூடத் தேறாது. இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் அந்த ஒரு நிமிடமும் கையை விட்டுப் போய்விடும். உங்களுக்குத் திறமை இல்லை என்று தோன்றுகிறதே, உண்மையில் நீங்கள் லேண்டிங் பழகியதே மொத்தம் சில நிமிடங்கள்தான்.

என்னைக் காப்பாற்றியது கண் பார்வை. மூக்குக்கு நேர் முன்னால் இருக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை வேகமாக வருவதுபோல் இருக்கும், பயந்துபோய் உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவேன், வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். "ஓடுபாதையோட கடைசியைப் பாருங்க" என்றார் பயிற்சியாளர். அங்கே பார்த்தபோது, ஓடுபாதையின் இரண்டு ஓரங்களும் அகன்று என் தோள் பக்கம் ஏறி வருவது தெரிந்தது. எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

சில வாரம் கழித்து, முதல் முறையாக என்னைத் தனியாகப் பறக்கச் சொல்லி அவர் இறங்கிக்கொண்டு, வலது இருக்கையின் பெல்ட்டை வெறுமனே பூட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் விருட்டென்று மேலே ஏறியது. அந்தப் பூட்டிய பெல்ட் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். பழைய மணி நேரம் எவ்வளவு கணக்கில் சேரும் என்று உரிமம் தரும் அமைப்பிடம் கேளுங்கள், சில நாடுகளில் அதற்குக் காலவரம்பு உண்டு. பணம் போதாவிட்டால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டு, வாரம் இரண்டு முறை பறக்க முடிகிறபோது தொடங்குங்கள். மாதம் ஒரு முறை பறப்பது, போன மாதம் மறந்ததை மறுபடி கற்பதற்கே சரியாகப் போகும். சர்வதேச விதியில் தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 40 மணி நேரம் என்றிருப்பது குறைந்தபட்சம். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலே ஆகிறது. அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள்.

திரும்பிப் போகிற முதல் நாளில் லேண்டிங் கேட்காதீர்கள். நல்ல உயரத்தில் மெதுவாகப் பறந்து கையைப் பழக்குங்கள். அடுத்த பாடத்தில், காற்று அமைதியாக இருந்தால், நீளமான ஓடுபாதைக்கு மேலே ஆளுயரத்தில் தரையைத் தொடாமல் கடைசி வரை பறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சியாளர் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் மூக்கை மட்டும் பிடித்தால் போதும். எனக்கு அந்த ஐந்து விநாடி அரை நிமிடமாக நீண்டது அப்படித்தான்.