மதுரைக்கு வாலன்டியரா வர்ற வெளிநாட்டுப் பொண்ணுக்கு ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஜெர்மனில இருந்து உங்க தோழி கண் சிகிச்சை வேலைக்கு உதவ மதுரை வர்றாங்க, வாரம் எப்படி இருக்கும்னு கேட்டிருக்கீங்க.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பெரும்பாலும் மேஜை வேலைதாங்க, ரிப்போர்ட் எழுதுறது, கணக்கு ஏத்துறது. மருத்துவம் படிக்காதவங்கள நோயாளி மேல கை வைக்க விடமாட்டாங்க, அது சரியும்கூட.

ஆனா வாரக்கடைசி இலவச கண் முகாம் இருக்கே, அதுக்காகவே வரலாம். டாக்டர் வெங்கடசாமி அய்யா 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வளர்ந்ததுல இந்த முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உசிலம்பட்டி பக்கமோ மேலூர் பக்கமோ ஒரு பள்ளிக்கூடத்துல காலையிலயே வரிசை நிக்கும், கண்புரை இருக்குறவங்கள பஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டு வந்து ஆபரேஷன் முடிச்சு லென்ஸ் வச்சு திரும்ப ஊருல கொண்டுபோய் விட்டுருவாங்க, அந்த நேரத்துல ஒரு அப்பத்தாவ கையப் பிடிச்சு படியேத்தி உக்கார வைக்க ஆள் வேணும்ல, அதுக்கு பாஷை தேவையில்ல, "வாங்க அப்பத்தா"ன்னு ரெண்டு வார்த்தை போதும். உடனே "சாப்ட்டியாத்தா?"ன்னு கேப்பாங்க பாருங்க, எனக்கு அதுதான் எங்க ஊரு.

சாயங்காலம் மீனாட்சி கோயில சுத்தி நடக்கட்டும், பருத்திப்பால் குடிக்கட்டும். சித்திரைல வந்தா வெயில் கடுமை, ஆனா அழகர் ஆத்துல இறங்குறதப் பாத்துரலாம்.

விசாவ மட்டும் முன்னாடியே கவனிங்க. சம்பளமில்லாத சேவைன்னாலும் சுற்றுலா இ-விசால அதிகபட்சம் ஒரு மாசம்தான், அதுக்கு மேலன்னா வேற விசா, கூப்பிடுற நிறுவனத்துக்கிட்ட கடிதம் வாங்கிட்டு தூதரகத்துல கேக்கச் சொல்லுங்க.