திருச்சபை சரண்டர் ஆயிடுச்சா?

கேள்வி: நாடு நாடா தன்பால் திருமணத்த சட்டமாக்கிட்டே வர்றாங்க. 2023-ல போப் பிரான்சிஸே தன்பால் ஜோடிகளுக்கு ஆசீர் குடுக்கலாம்னு ஓகே சொல்லிட்டாராமே. அப்போ இத்தன வருஷமா எதிர்த்த கத்தோலிக்கர்கள் எல்லாம் சரண்டர்னு எடுத்துக்கலாமா?

பதில்: "கத்தோலிக்கர்கள் எல்லாம்"னு ஒரே மூட்டையா கட்டிட்டீங்களே, எதிர்த்தது யாரு, கொண்டு வந்தது யாருன்னு பாத்தீங்களா? அயர்லாந்து 2011 கணக்கெடுப்புல நூத்துக்கு 84 பேர் கத்தோலிக்கர். அங்க 2015 மே மாசம் தன்பால் திருமணம் வேணுமான்னு ஜனங்க கிட்டயே ஓட்டெடுப்புல கேட்டாங்க, 62 சதவீதம் பேர் சரின்னுட்டாங்க, 43 தொகுதில ஒண்ணே ஒண்ணுதான் வேணாம்னுச்சு. ஞாயித்துக்கிழம பூசைக்கு போற கூட்டமும் சேந்து போட்ட ஓட்டுதான் அது. டப்ளின் பேராயர் டயர்மிட் மார்ட்டின் இதுக்கு எதிரா நின்னவர்தான், ரிசல்ட் வந்ததும் இது சமூகப் புரட்சி, நாம நெலமைய நேரா பாக்கணும்னு ஒத்துக்கிட்டார். அதே ரிசல்ட்ட ரோமுல, அதாவது வாட்டிகன்ல, செயலரா இருந்த கர்தினால் பரோலின் மனிதகுலத்துக்கே தோல்வின்னார். இதுல எது கத்தோலிக்க பதில்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்த மாசமே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ன்னு தன்பால் திருமணத்த நாடு முழுக்க சட்டமாக்குச்சு. தீர்ப்ப எழுதுன கென்னடி கத்தோலிக்கர், எதிர்த்து எழுதுன நாலு பேரும் கத்தோலிக்கர் (நீதிபதிங்க நிலைமையே இப்படின்னா பங்குசாமி பாவம்ல). அமெரிக்க ஆயர் பேரவைத் தலைவர் இத சோகமான தவறுன்னார்.

இப்ப ஆசீர் விஷயம். 2023 டிசம்பர் 18-ல ரோம்லேர்ந்து வந்த அறிக்கைய படிக்காமலே பாதி பேர் கொண்டாடுனாங்க, மீதி பேர் தலைல அடிச்சுக்கிட்டாங்க. அதுல இருக்கறது என்னன்னா, வந்து கேக்குற தன்பால் ஜோடிக்கு சாமியார் சின்னதா ஜெபம் சொல்லி ஆசீர் குடுக்கலாம், ஆனா அது சடங்கா இருக்கக் கூடாது, பதிவுத் திருமணத்தோட சேத்து வைக்கக் கூடாது, கல்யாண டிரெஸ்ஸும் கூடாது. மூணு வாரத்துக்குள்ள ரோம் இன்னொரு விளக்கம் குடுத்துச்சு, 10, 15 செகண்டுல முடியற ஆசீராம் அது. திருமணம்ங்கிற அருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான்ங்கிற போதனைல ஒரு வரி மாறல. அந்த 15 செகண்டையே தாங்க முடியாம ஆப்பிரிக்க ஆயர்கள் எங்க பக்கம் இது நடக்காதுன்னு அவங்க பேரவைத் தலைவர் கர்தினால் அம்போங்கோ மூலமா அறிவிச்சுட்டாங்க. இதுக்கு பேர் சரண்டரா?

ஆனா திருச்சபைக்கும் ஒண்ணு சொல்லணும். மணமுறிவு சட்டம் எத்தனையோ நாட்டுல இருக்கு, அதுக்காக விவாகரத்து ஆனவங்களுக்கு கோயில்ல மறுமணம் நடத்தச் சொல்லி எந்த அரசும் சாமியார இழுத்துட்டுப் போகல. பதிவு ஆபீஸ் புத்தகம் வேற, பங்குப் புத்தகம் வேற. இது தெரிஞ்சும் 2003-ல ரோம் கத்தோலிக்க எம்பிக்கள் எல்லாரும் தன்பால் திருமண சட்டத்த எதிர்த்தே ஓட்டு போடணும்னு உத்தரவு போட்டுச்சு, 2010-ல அர்ஜென்டினா செனட்ல அதுக்கான மசோதா வந்தப்ப புவெனோஸ் அயர்ஸ் கர்தினால், இது வெறும் அரசியல் சண்ட இல்ல, கடவுளோட திட்டத்தையே அழிக்கப் பாக்குறதுன்னு கன்னியர்களுக்கு லெட்டர் எழுதுனார், மசோதா 33-27ல பாஸ் ஆயிடுச்சு, லெட்டர் எழுதுனவர்தான் பின்னாடி போப் பிரான்சிஸ் ஆகி அந்த 2023 அறிக்கைல கையெழுத்து போட்டவர். அரசு சட்டத்துல தோத்தத வேதத்துல தோத்த மாதிரி ஆயர்களே பேசுனா நீங்க சரண்டரான்னு கேக்கத்தான் செய்வீங்க.

நிஜமா வலிக்கற எடம் கோர்ட்டும் இல்ல ரோமும் இல்ல, வேல பாக்குற எடம். 2019, அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ். கல்யாணம் பண்ணிக்கிட்ட ரெண்டு ஆம்பள வாத்தியாருங்க, ஆளுக்கொரு கத்தோலிக்க ஸ்கூல்ல வேல. ரெண்டு பேரையும் அனுப்புங்கன்னு மறைமாவட்டம் சொல்லுச்சு. ஒரு ஸ்கூல் அனுப்பிடுச்சு. இன்னொண்ணு இயேசு சபைத் துறவிங்களோட ஸ்கூல், முடியாதுன்னுடுச்சு, உடனே இனி இது கத்தோலிக்க ஸ்கூலே இல்லன்னு பேராயர் ஆணை போட்டார், ஸ்கூல் ரோமுக்கு அப்பீல் பண்ண, செப்டம்பர்ல ரோம் அந்த ஆணைய தற்காலிகமா நிறுத்தி வச்சுது. ஒரே ஊரு, ஒரே திருச்சபை, ஒரே வீட்டு ரெண்டு பேர், ஒருத்தருக்கு வேல போச்சு இன்னொருத்தருக்கு போகல. இதுல யார் யார்கிட்ட சரண்டர் ஆனாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க.