பிரதேச சபைக்குக் கொடுத்த கடிதம் என்ன ஆகிறது? உள்ளூர் வேலைகள் பற்றிய கேள்வி பதில்

உள்ளூராட்சிச் சேவையில் நிருவாகப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம், யாழ் மாவட்டத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும் கீழே தரப்படுகின்றன.

கேள்வி (சங்கானை): ஐயா, எங்கள் ஒழுங்கையில் மாரி காலத்தில் முழங்காலளவு வெள்ளம் நிற்கிறது. பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்தால் பிரதேச சபைக்குப் போகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா?

பதில்: இல்லை. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாகத்தின் கீழ் இயங்குவது. அதன் தலைமையில் இருப்பவர் நியமனம் பெற்ற அதிகாரி. பிரதேச சபை நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்களைக் கொண்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்குவது. நமது மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும், ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என மொத்தம் 17 உள்ளூராட்சி மன்றங்களும் உள்ளன.

இருந்தாலும், உங்கள் ஒழுங்கை விடயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஒழுங்கை யாருடையது என்பதுதான். A, B தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், C, D தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. மற்ற உள்வீதிகளே சபையின் பொறுப்பில் வரும். அவற்றிலும் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறாத ஒழுங்கைகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். காணி உறுதிகளில் ‘வழி வாய்க்கால்’ என்று எழுதப்பட்டு, நாலைந்து குடும்பங்களின் பங்காகவே தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஒழுங்கையில் சபை பொதுப்பணத்தைச் செலவிட முடியாது. செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி எழும். ஆகவே பதிவேட்டில் இருக்கிறதா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஒழுங்கையில் பங்குள்ள எல்லாக் காணிக்காரரும் அதைப் பொதுப் பாதையாக விட்டுக்கொடுக்கச் சம்மதித்து எழுத்தில் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கோவை (கோப்பு) அங்கேயே நின்றுவிடும். அந்த ஒருவரோடு பேச வேண்டியது சபையல்ல, அயலவர்களாகிய நீங்கள்தான்.

கேள்வி (நெல்லியடி): சபையின் மாதாந்த அமர்வுக்குப் பொதுமக்கள் போகலாமா? எழுந்து பேசலாமா?

பதில்: சபை மாதத்துக்கு ஒரு தடவையேனும் கூட வேண்டும். அமர்வைப் பார்வையாளராக இருந்து பார்க்கலாம். இடவசதி குறைவாக இருப்பதால் செயலாளருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போவது நல்லது. பேச முடியாது. உங்கள் விடயத்தை ஓர் உறுப்பினர் பிரேரணையாக முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.

ஆனால் அமர்வில் நடப்பதைப் பார்த்து எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது என்று எண்ண வேண்டாம். சூடான வாக்குவாதங்கள் அமர்வில் நடக்கும், பத்திரிகையிலும் வரும். வேலைகளை நிரைப்படுத்துவது பெரும்பாலும் குழுக்களில்தான். நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் ஆகிய விடயங்களுக்குத் தனித்தனிக் குழுக்கள் இருக்கும். உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அவற்றில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது; இந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் ஊர்கள் மிகக் குறைவு. ஓய்வுபெற்ற பொறியியலாளரோ முன்பள்ளி ஆசிரியையோ உங்கள் ஊரில் இருந்தால், அவரைக் குழுவில் சேர்க்கும்படி சபையின் தலைவரான தவிசாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி (வலிகாமத்திலிருந்து ஒரு கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்): மதகு ஒன்றைத் திருத்தித் தரும்படி ஒவ்வொரு வருடமும் கடிதம் கொடுக்கிறோம். ‘நிதி இல்லை’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. கடைசியாகக் கார்த்திகை வெள்ளத்தின்போது படத்தோடு கொடுத்தோம். இதற்கு மேல் என்ன செய்வது?

பதில்: கார்த்திகையில் கொடுத்ததுதான் சிக்கல். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டின் பிற்பகுதியில் தயாராகி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். வெள்ளம் நிற்கும்போது எல்லா வட்டாரங்களிலிருந்தும் கடிதங்கள் குவியும். அந்த நேரத்தில் நடப்பாண்டுப் பணம் ஏறக்குறைய முடிந்திருக்கும், அடுத்த ஆண்டின் பட்டியலும் முடிவாகியிருக்கும். ‘நிதி இல்லை’ என்பது அந்த மாதத்தில் உண்மையான பதில்.

வெள்ளத்தில் எடுத்த படத்தை வைத்திருந்து, ஆடி ஆவணியில் கடிதம் கொடுங்கள். ‘எமது கிராமத்தின் நீண்டகாலக் குறைபாடு’ என்று தொடங்கும் இரண்டு பக்கக் கடிதம் எவருக்கும் உதவாது. வீதியின் பெயர், கிராம அலுவலர் பிரிவின் இலக்கம், மதகு எந்த வீட்டுக்கு அல்லது எந்தக் கடைக்கு முன்னால் உள்ளது, அகலம் எத்தனை அடி, அவ்வழியாகப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டா, வெள்ளம் எந்தப் பக்கமாக ஓடி எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, கையால் கீறிய வரைபடம் ஒன்றையும் இணையுங்கள். கடைசி விடயத்தைப் பலர் எழுதுவதில்லை. நீர் போய்ச் சேரும் இடம் தெரியாமல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு தயாரிக்க முடியாது. மதிப்பீடு இல்லாத வேலைக்கு வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்க முடியாது. கடிதத்தின் பிரதியில் சபையின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொண்டு, ஒரு மாதத்தின் பின் ‘மதிப்பீடு போட்டாயிற்றா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘எப்போது வேலை தொடங்கும்?’ என்ற கேள்விக்கு யாரும் எதையும் சொல்லிவிடலாம். மதிப்பீடு பற்றிய கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

திட்டம் பார்வைக்கு வைக்கப்படும்போது ஒருவரேனும் போய்ப் பாருங்கள். உங்கள் மதகு அதில் இல்லாவிட்டால், ஆட்சேபிப்பதற்கான நேரம் அதுதான்.

கேள்வி (சாவகச்சேரி): எங்கள் வட்டார உறுப்பினர் தவிசாளரின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் வட்டாரத்தை ஒதுக்கிவிடுவார்களா?

பதில்: அப்படி நடப்பதே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் 60 வீதம் வட்டார முறையிலும் 40 வீதம் விகிதாசார முறையிலும் உறுப்பினர்கள் தெரிவாகும் இன்றைய அமைப்பில், தனியாகப் பெரும்பான்மை பெறுவது எந்தக் கட்சிக்கும் கடினம். வரவு செலவுத் திட்டம் நிறைவேற எதிரணியின் வாக்கும் தேவைப்படுகிறது. 2020 டிசம்பரில் யாழ் மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டாவது தடவையும் தோற்கடிக்கப்பட்டு, அன்றைய மாநகர முதல்வர் பதவியிழந்ததை எல்லாத் தவிசாளர்களும் அறிவர். வட்டாரத்தில் வென்றவரோடு, விகிதாசாரப் பட்டியலால் வந்த உறுப்பினர்களில் உங்கள் பக்கத்தில் வசிப்பவர் யாரென்றும் பார்த்து, இருவரையும் ஒரே கடிதத்தின் கீழ் கொண்டுவாருங்கள்.

கேள்வி (காரைநகர்): எமது சனசமூக நிலையத்துக்குச் சபையிடமிருந்து என்ன உதவி பெறலாம்?

பதில்: சபையில் பதிவு செய்யப்பட்டு, அப்பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டிருந்தால், பத்திரிகை வாங்குவதற்கான கொடுப்பனவையும், நிதி நிலைமையைப் பொறுத்துத் தளபாடமோ கட்டடத் திருத்தமோ பெறலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டாமல், கணக்கறிக்கை கொடுக்காமல், பழைய நிருவாகமே பல வருடங்களாகத் தொடரும் நிலையங்கள் இதை இழந்துவிடுகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் பதிவு செய்யப்படுவது வேறு திணைக்களங்களில். அவற்றுக்கான உதவியைப் பிரதேச செயலகத்தின் ஊடாகக் கேட்க வேண்டும். ஒரே மண்டபத்தில் மூன்றும் இயங்கினாலும் கோவைகள் மூன்று.

கேள்வி (வடமராட்சி): எங்கள் ஊர்க்குளம் தூர்ந்து கிடக்கிறது. சிரமதானமாகவே தூர்வாரிவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். சபையின் அனுமதி வேண்டுமா?

பதில்: எண்ணம் மிக நல்லது. நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் நமது கிணற்று நீர். ஆயினும் மண்வெட்டியை எடுக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியதா, கோயிலுக்கு உரியதா, சபைக்கு உரியதா என்பதைக் கிராம அலுவலரிடமும் நில அளவை வரைபடத்திலும் உறுதிசெய்யுங்கள். கமநலத் திணைக்களத்துக்கு உரியதென்றால் அவர்களின் அனுமதியும் கமக்காரர் அமைப்பின் சம்மதமும் வேண்டும். அடுத்தது மண். தூர்வாரிய மண்ணைக் குளக்கட்டில் போடுவது ஒன்று. உழவு இயந்திரத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோவது வேறு. வெளியே கொண்டுபோக புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி தேவை. அது இல்லாமல் ஏற்றினால், நல்ல நோக்கத்தோடு வந்த சாரதி பொலிஸ் நிலையத்தில் நிற்க நேரிடும். மூன்றாவது ஆழம். ஆழமாக வெட்டினால் அதிக நீர் நிற்கும் என்று இளைஞர்கள் நினைப்பார்கள். கடற்கரையை அண்டிய ஊர்களில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி வெட்டினால் உவர் மேலே வந்துவிடும். எத்தனை அடி என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுத்தில் தரட்டும்.

சபையிடம் கேட்க வேண்டிய உண்மையான உதவி குளத்துக்குள் அல்ல, வெளியே உள்ளது. குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்களை மதிலும் படலையும் மறித்திருக்கும். அவற்றைத் திறப்பிக்க ஊர்ச்சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பொது வாய்க்காலை மறித்தவருக்கு அறிவித்தல் அனுப்பச் சபைக்கு உண்டு. குளத்தை மட்டும் வெட்டி வாய்க்காலை விட்டுவிட்டால், விழா முடிந்து படம் எடுத்த பின்னரும் குளத்துக்கு நீர் வராது.

கேள்வி (புலம்பெயர் நாட்டிலிருந்து, வேலணையைச் சொந்த ஊராகக் கொண்டவர்): பெற்றோர் நினைவாக ஊரில் ஒரு பொதுநோக்கு மண்டபம் கட்டித்தர விரும்புகிறோம். பணத்தைச் சபைக்குக் கொடுப்பதா, சங்கத்துக்குக் கொடுப்பதா?

பதில்: சபைக்குக் கொடுத்தால் அந்த அன்பளிப்பைச் சபை தீர்மானமாக ஏற்க வேண்டும்; பணம் சபை நிதியில் சேர்ந்தபின் அரச பெறுகை விதிகளின்படியே செலவாகும். ஒப்பந்தகாரரை நீங்கள் சொல்ல முடியாது, வேகமும் உங்கள் கையில் இராது. ஆனால் கட்டடத்தைச் சபையே பராமரிக்கும். சங்கத்துக்குக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் காணி சங்கத்தின் பெயரில் உறுதியோடு இருக்க வேண்டும், கட்டட விண்ணப்பம் சபையில் அனுமதி பெற்றிருக்க வேண்டும், கட்டியபின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ‘வாய்ப்பேச்சில் தந்த காணி’ என்ற அத்திவாரத்தில் எழுந்த மண்டபங்கள் வழக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு மண்டபம் இருந்தால், அதன் கூரையையும் மலசலகூடத்தையும் திருத்தி, ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு நிலையான வைப்பு ஒன்றை இட்டுக்கொடுங்கள். பெயர்ப்பலகை சற்றுச் சிறிதாக இருக்கும்; ஆனால் மண்டபம் பூட்டிக் கிடக்காது.

கேள்வி (கோப்பாய்): எமது பிரேரணை நிறைவேறியது என்று உறுப்பினர் சொல்கிறார். சபையில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: அமர்வின் நடவடிக்கைகள் பதியப்படும் கூட்டறிக்கையைப் பாருங்கள். காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், முதல் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். ‘எங்கள் வீதிக்கு என்ன நடந்தது?’ என்று கேட்காமல், ‘இன்ன மாத அமர்வின் கூட்டறிக்கைப் பிரதி, இன்ன வீதிக்கான மதிப்பீட்டுப் பிரதி’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறியும் ஒதுக்கீடு இல்லாமல் இருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கேள்வி (மானிப்பாய்): வேலைகளை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே கொடுக்கலாமா?

பதில்: குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சிறிய வேலைகளைப் பதிவுபெற்ற சங்கங்களுக்குச் சமூக ஒப்பந்தமாக வழங்கலாம். கொங்கிறீற் வீதி போன்றவற்றில் ஊரவரே நின்று பார்ப்பதால் தரம் நன்றாக அமைவதுண்டு. ஆனால் வேலை முடிந்து அளந்த பின்னரே பணம் வரும். அதுவரை சீமெந்துக் கடைக்குக் கடன் சொல்லச் சங்கத்தின் பொருளாளரால் முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள். பற்றுச்சீட்டுகளையும் வேலைக்கு வந்தவர்களின் கையொப்பப் பதிவையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும்.

கேள்வி (நல்லூர்): சோலை வரி (வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் ஆதன வரி) கட்டாதவர்களுக்குத் தெருவிளக்குக் கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு, வரி நிலுவையைக் காரணம் காட்டி ஒரு வீதியை இருளில் விட முடியாது. ஆனால் நிலுவை அதிகமான சபைக்கு விளக்கு வாங்கப் பணம் இராது. முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31இற்குள் செலுத்தினால் 10 வீதக் கழிவும் கிடைக்கிறது. விளக்கு எரியவில்லை என்று முறையிடும்போது, அந்த மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். ‘கோயிலடி லைற்’ என்று எழுதினால், நமது ஊர்களில் திருத்த வருபவர் எந்தக் கோயிலுக்குப் போவது?