கொள்கை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என்னை வழிநடத்தும் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அவற்றைக் கொள்கை என்பதா, கோட்பாடு என்பதா, விழுமியம் என்பதா? ‘யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை’ என்கிறார் நண்பர் ஒருவர். இதுவும் கொள்கைதானா?

வ.

அன்புள்ள வ.,

கொள்கை என்றே எழுதுங்கள். கோட்பாடும் ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்ததுதான். ஆனால் இன்று அது பரிணாமக் கோட்பாடு என்பதைப் போல, ஒன்றை விளக்கும் கருத்தமைப்பைக் குறிப்பதாகிவிட்டது. விழுமியம் என்பது நாம் உயர்வென மதிக்கும் பண்பு. நேர்மை விழுமியம், லஞ்சம் வாங்க மாட்டேன் என்பது கொள்கை.

தலை ஏன் நரைக்கவில்லை என்பதற்கு மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என்று காரணங்களை அடுக்கிவரும் பிசிராந்தையார், அவற்றுக்கெல்லாம் மேலாக, ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்’ பலர் தம் ஊரில் வாழ்வதைச் சொல்கிறார் (புறநானூறு 191). அந்தச் சான்றோர் எதை வலியுறுத்தினார்கள் என்று பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுடைய அடக்கமே கொள்கையாக நிற்கிறது. ‘குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்’ என்னும் குறளிலும் (1019) கொள்கைக்கு ஒழுக்கம் என்றே பரிமேலழகர் பொருள் காண்கிறார். கொள்கை பரப்புச் செயலாளர்களும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் வந்தபின், வாழ்ந்து காட்ட வேண்டியதாக இருந்த ஒன்று அறிவித்தாலே போதும் என்றாகிவிட்டது. (இணையதளங்களின் ‘தனியுரிமைக் கொள்கை’யில் ஒழுக்கத்தைத் தேடுவது வீண்வேலை.)

உங்கள் நண்பருக்கு வருவோம். பணம் திரும்பி வராது என்ற அச்சத்தால் அவர் மறுக்கிறார் என்றால் அது முன்னெச்சரிக்கை. அதில் தவறில்லை, ஆனால் கொள்கை என்ற பெரிய சொல் அதற்குத் தேவையில்லை. கடன் நட்பைக் கெடுக்கும் என்று உண்மையாகவே நம்பி, தம் நெருக்கடியிலும் பிறரிடம் கை நீட்டாமல், முடிந்தபோது திரும்பக் கேட்காத உதவியாகவே கொடுத்துவருகிறார் என்றால் அதைக் கொள்கை என்று தயங்காமல் சொல்வேன். தமக்கு இழப்பு நேரும் இடத்திலும் அவர் அதைக் கைவிடாமல் இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் கட்டுரையில் ‘என் கொள்கைகள்’ என்று தலைப்பிட்டுப் பட்டியல் போடுவதைவிட, ஏதேனும் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு, அதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். விட்டுக்கொடுத்தது எதுவும் நினைவுக்கு வராதவற்றை ‘என் கருத்துகள்’ என்ற தலைப்பின்கீழ் வைத்துக்கொள்ளலாம்.