கிராஃபிக்ஸ் கார்டு 87 டிகிரி தொடுகிறதா? ஹீட்சிங்கைக் கழற்றும் முன்பும் பின்பும்

கேள்வி: மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2019இல் வாங்கிய, இரண்டு ஃபேன் வைத்த ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு. எக்ஸ்போர்ட் போட்டுப் பத்து நிமிடத்தில் 87 டிகிரி காட்டுகிறது. ஃபேன் சத்தம் தாங்கவில்லை, வேலையும் இழுக்கிறது. சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கைக் கழற்றி, சிப்புக்கும் அதற்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்டை மாற்றச் சொல்கிறார் ஒருவர். பெரிய ஹீட்சிங்க் வாங்கி மாட்டச் சொல்கிறார் இன்னொருவர். நானே கழற்றலாமா? சிப் உடைந்துவிடாதா?

பதில்: தாராளமாகக் கழற்றலாம். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் சிப் உடையும். இளஞ்சூட்டில் மெல்லத் திருகி எடுத்தால் ஒன்றும் ஆகாது. பெரிய ஹீட்சிங்குக்குச் செலவழிக்க வேண்டாம். இந்தக் கார்டு இழுக்கும் மின்சாரம் 160 வாட். கூடவே வந்த ஹீட்சிங்க் அதற்குத் தாராளம். வாங்கிய புதிதில் இப்படிச் சுடவில்லை என்றால், இடையில் மாறியிருப்பது தூசி, பேஸ்ட், கேபினெட் காற்றோட்டம் இந்த மூன்றில் ஒன்று. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

இந்தச் சிப்புக்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 88 டிகிரி. அதை நெருங்கும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேலை இழுப்பதற்குக் காரணம் அதுதான்.

கையில் ஸ்க்ரூடிரைவர் எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு எடுத்து வையுங்கள். சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, எப்போதும் செய்யும் ஒரு எக்ஸ்போர்ட்டை 15 நிமிடம் ஓட விடுங்கள். அறையின் சூடு, சிப்பின் சூடு, ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சுடும் இடம்) சூடு, ஃபேன் சுற்று வேகம் ஆகிய நான்கையும் தாளில் எழுதுங்கள். அறைச் சூட்டை விட்டுவிடக் கூடாது. அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 26 டிகிரி ஏசி அறையில் 72 காட்டும் கார்டு, அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே 38 டிகிரி அறையில் 84 காட்டினால் கார்டில் கோளாறு எதுவும் இல்லை. தை மாதக் காலையில் பேஸ்ட் மாற்றிவிட்டு, போன சித்திரையோடு ஒப்பிட்டு 'பத்து டிகிரி குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

அடுத்தது, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே எக்ஸ்போர்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட். முன்பக்க வலையில் தூசி அடைத்திருக்கும், அல்லது சிபியுவை மேஜைக்குள் கதவு போட்ட அறையில் அடைத்து வைத்திருப்பீர்கள். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. அதோடு தீர்ந்தது, கார்டைத் தொடவே வேண்டாம்.

கதவைத் திறந்தும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால் கார்டுக்குள்தான் பிரச்சினை. ஹாட்ஸ்பாட் எண்ணைப் பாருங்கள். சிப்பின் சராசரிச் சூட்டைவிட அது 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 25 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் சிப்பின் ஏதோ ஒரு பகுதியில் இல்லை என்று பொருள். சிப்பும் ஹீட்சிங்கும் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் சற்றே விரிந்து சுருங்குகின்றன. அந்த அசைவில் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, மிச்சம் காய்ந்து பொடியாகிறது. ஹாட்ஸ்பாட் இடைவெளி சரியாக இருந்து, இரண்டு எண்ணும் சேர்ந்தே உயர்ந்திருந்தால் பேஸ்டைச் சந்தேகிக்காதீர்கள். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்திருக்கிறது.

டெல்டாவில் இந்தத் தூசிக்குத் தனிக் குணம் உண்டு. குறுவை அறுப்பு முடியும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா அறுக்கும் தை, மாசியிலும் காற்றில் பறக்கும் நெற்சுணை தகட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே கம்பளி மாதிரிப் படிகிறது. மேலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கை சுத்தமாகத்தான் தெரியும். இறக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு சேரும், தூசி ஈரம் இழுத்து இறுகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை கார்டைச் சுத்தம் செய்ய நல்ல நேரம் பங்குனி. சம்பா தூசி அடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கழுவியது ஒரே நாளில் காயும்.

கழற்றத் தேவையானவை: காந்த முனை உள்ள சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (பிஎச்0, பிஎச்00 இரண்டும்), 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம், பஞ்சு உதிராத துணி, மென்மையான பெயின்ட் பிரஷ், ஐஸ் குச்சி, புது பேஸ்ட். ஐபிஏ மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

கார்டைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்கிவிட்டு கணினியை அணையுங்கள். கேபினெட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிள், 8 பின் பவர் கேபிள், பின்பக்க ஸ்க்ரூக்கள். கடைசியாக, ஸ்லாட்டின் கோடியில் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி. அதை அழுத்தாமல் கார்டை இழுத்து ஸ்லாட்டைப் பெயர்த்தெடுப்பவர்கள்தான் அதிகம். இங்கே ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழியுங்கள்.

கார்டை அட்டைப்பெட்டியின் மேல் ஃபேன் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பாலியஸ்டர் விரிப்பிலும் மெத்தையிலும் வைக்காதீர்கள். வெள்ளைத் தாளில் கார்டின் பின்பக்கத்தைப் படமாக வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அது இருந்த இடத்திலேயே தாளில் குத்தி வைத்துக்கொண்டு வாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறு. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் சர்க்யூட் போர்டு நசுங்கும்.

சிப்பைச் சுற்றி ஸ்பிரிங்கோடு நான்கு ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஒன்றை அரைச் சுற்று, அதற்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ளதை அரைச் சுற்று, பிறகு மற்ற இரண்டு என்று சுற்றிச் சுற்றித் தளர்த்துங்கள். ஒரே ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றிவிட்டால் மற்ற மூன்று ஸ்பிரிங்கும் ஹீட்சிங்கைச் சாய்த்து, சிப்பின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தும். சிப் கண்ணாடி மாதிரி. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் கார்டு போய்விட்டது.

இப்போதுதான் நீங்கள் பயப்படும் இடம். ஒரு கையில் போர்டின் விளிம்பு, மறு கையில் ஹீட்சிங்க். மேலே இழுக்காதீர்கள். ஸ்டீல் டப்பா மூடியைத் திருகுவது போல இடப்பக்கம் ஒரு நூல், வலப்பக்கம் ஒரு நூல் திருகுங்கள். அவ்வளவுதான் அசைய வேண்டும். நாலைந்து முறை திருகும்போது இறுக்கம் விட்டு, வழுக்குவது போலக் கைக்குத் தெரியும். அசையவே இல்லை என்றால் விட்டுப்போன ஸ்க்ரூ ஏதோ இருக்கிறது; ஸ்டிக்கருக்கு அடியிலும் வீடியோ போர்ட் பக்கமும் தேடுங்கள். எல்லாம் கழற்றியும் பிடித்துக்கொண்டிருந்தால், முடி உலர்த்தும் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து இரண்டு நிமிடம் ஹீட்சிங்கைச் சூடாக்கிவிட்டு மறுபடி திருகுங்கள்.

விட்டதும் சட்டென்று பிரித்துவிடக் கூடாது. ஃபேன் வயர் விரல் நீளம்தான் இருக்கும். புத்தகம் திறப்பது போல வயர் இருக்கும் பக்கத்தைக் கீலாக வைத்து இரண்டு செ.மீ. திறந்து, கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்து நேராக உருவுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் கனெக்டர் போர்டிலிருந்து தகட்டோடு பெயர்ந்து வரும்.

உள்ளே சிப்பைச் சுற்றி ஆறு மெமரி சிப்கள். அவற்றின் மேலும், மின்சாரப் பகுதியின் மேலும் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும், பஞ்சு போன்ற தெர்மல் பேட்கள் இருக்கும். கிழியாமல், பொடியாகாமல் இருந்தால் அவற்றை மாற்றாதீர்கள். போர்டில் எண்ணெய் கசிந்த மாதிரித் தெரிவது பேடிலிருந்து வந்த சிலிகான்; துடைத்தால் போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கனம் மிக முக்கியம். அழுந்திய நடுப்பகுதியை அளக்காமல், அழுத்தம் படாத ஓரத்தை வெர்னியர் காலிபரால் அளந்து, அதே கனத்தில் மென்மையான பேட் வாங்குங்கள். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் பேட் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடிக்கும். சிப்பின் மேல் அழுத்தம் குறைந்து, புது பேஸ்ட் போட்ட பிறகு சூடு முன்பைவிட ஏறும். 'பேஸ்ட் மாற்றியதும் கார்டு கெட்டுவிட்டது' என்று வரும் பல புகார்களுக்கு இதுவே காரணம். கனம் குறைந்தால் மெமரி ஹீட்சிங்கைத் தொடாது. திரையில் புள்ளியும் கோடும் வரும்.

பழைய பேஸ்டை ஐபிஏ நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். காய்ந்ததை ஐஸ் குச்சியால் சுரண்டலாம், பிளேடு கூடாது. சிப்பைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும், ஒன்று உதிர்ந்தாலும் கார்டு வேலை செய்யாமல் போகலாம். ஹீட்சிங்கின் செம்பு அடிப்பாகம் கறுத்திருந்தால் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் பாலிஷும் போட்டுப் பளபளப்பாக்கத் தோன்றும். வேண்டாம். நிறம் மங்கியதால் சூடு கடத்துவது குறையாது. தேய்த்த கீறலும் ஒட்டிய புளியும்தான் குறைக்கும்.

ஃபேன், பிளாஸ்டிக் மூடி, பேட் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் ஹீட்சிங்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் தண்ணீர் விட்டே கழுவலாம். அலசி, உதறி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்யாதீர்கள், தகட்டுக்குள் ஈரம் நிற்கும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயில் கார்டை ஊதுவதும் தவறு. அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். கை ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் அளவு: மூன்று முழு உளுந்து. உறை இல்லாத வெறும் சிப் என்பதால் நான்கு மூலையும் மூடும்படி மெல்லப் பரப்பிவிடுங்கள். குழகுழவென்ற பேஸ்ட் வெறும் சிப்பில் சீக்கிரம் ஓரம் ஒதுங்கும். கொஞ்சம் கெட்டியானது நல்லது. எங்களைக் கேட்டால், பேஸ்டுக்குப் பதில் ஹனிவெல் பிடிஎம்7950 தாளைச் சொல்வோம். 45 டிகிரியில் இளகிப் படியும் பொருள் இது, பேஸ்ட் போல எளிதில் ஓரம் ஒதுங்காது. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் மேல் பிலிம் சுலபமாக உரியும். போட்ட அன்றே எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் முழுதாகப் படியும். பேஸ்டுக்குப் பதில் சிலர் போடும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) மட்டும் வேண்டவே வேண்டாம். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும்.

மாட்டும்போது புது பேடின் இரு பக்க பிலிமையும் உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஃபேன் வயரை முதலில் சொருகி, நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் அதே மூலைவிட்ட வரிசையில் அரைச் சுற்றாக, தானே நிற்கும் வரை முடுக்குங்கள். கணினியைப் போட்டதும் படம் வரவில்லை என்றால் பதறாதீர்கள். 8 பின் கேபிளையும் ஸ்லாட்டில் கார்டு கிளிக் என்று உட்கார்ந்ததா என்பதையும் பாருங்கள். பிறகு பழைய எக்ஸ்போர்ட், பழைய நான்கு எண்கள். சிப்பின் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஹாட்ஸ்பாட் இடைவெளி இன்னும் 25க்கு மேல் என்றால் பேடோ ஸ்க்ரூவோ தூக்கிப் பிடிக்கிறது. மறுபடி கழற்றி, பேஸ்ட் எந்த மூலையில் நசுங்காமல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம்தான் கோளாறு.

சத்தத்துக்குத் தனி வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 85 சதவீதம் ஆக்குங்கள். 160 வாட் 136 ஆகும், எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை எதையும் கழற்றாமல் இன்றே செய்யலாம். ஃபேன் கரகரக்கிறது என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் ஒரு மாதம் ஓடும், பிறகு பழையபடிதான். ஃபேனின் பின்பக்கத்திலோ நடு ஸ்டிக்கருக்கு அடியிலோ உள்ள மாடல் எண்ணையே கேட்டு, விட்டமும் பின் எண்ணிக்கையும் ஒத்துப்போவதைப் பார்த்து வாங்குங்கள்.

கூடுதல் குளிர்ச்சி வேண்டுமென்றால் இந்தக் கார்டுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: பிளாஸ்டிக் மூடியையும் பழைய ஃபேன்களையும் எடுத்துவிட்டு, அதே ஹீட்சிங்கில் இரண்டு 92 மி.மீ. அல்லது 120 மி.மீ. கேபினெட் ஃபேன்களை நைலான் டையால் கட்டுவது. காற்று தகட்டை நோக்கி அடிக்க வேண்டும். சாதாரண ஃபேனின் கனம் 25 மி.மீ.; கீழே இடம் இல்லாவிட்டால் 15 மி.மீ. மெலிந்த ஃபேன் கிடைக்கும். கார்டின் கனெக்டர் சிறியது, அதற்கான அடாப்டர் வயர் தேவை. ஃபேன் ஒன்று 0.2 ஆம்பியருக்குள் இருக்கட்டும். ஆம்பியர் அதிகமான ஃபேன்களைச் சேர்த்துக் கட்டினால் கார்டின் ஃபேன் சர்க்யூட் எரியும். அடாப்டர் கிடைக்கவில்லை என்றால் மதர்போர்டில் சொருகி, கார்டின் சூட்டைப் பார்த்து ஓடும்படி ஃபேன் கன்ட்ரோல் மென்பொருளில் அமையுங்கள். கட்டிய டையின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு, ஸ்விட்ச் போடும் முன் இறக்கைகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எதிலும் உரசக் கூடாது.